வெற்றிலையோடு போன மகாராணிகள்

பெட்டி காலியாக இருந்தது.

நீல வெல்வெட் பதித்த, உள்ளங்கை அளவுப் பெட்டி. உள்ளே ஐந்து வட்டக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மகாராணி இருக்க வேண்டும். ஐந்திலும் வெறும் வெல்வெட்தான் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இல்லாதது தட்டினால் வந்துவிடுமா? ஆனாலும் தட்டினேன்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. புனேயை ஒட்டிய நிக்டியில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். கொலுப்படியிலிருந்து சாமந்தி வாசம் வந்தது. அடுக்களையில் என் மருமகள் சுவேதா மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சுவேதா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்து மறுபடி கூப்பிட்டேன்.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அத்தை, அந்தக் காயின்ஸ் எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருச்சு. ஏக்தம் ஹிட். வெள்ளிக்கெழம வெத்தலபாக்குல வெச்சுக் குடுத்தேன்ல?"



"எதக் குடுத்த?"

"லக்ஷ்மி காயின். கொலுவுக்குன்னு நீங்க வாங்கி வெச்சிருந்தீங்களே, அதுதான்."

பெண்கள் மட்டும்

அந்தப் பெட்டியில் இருந்தவை ரோமாபுரிக் காசுகள். அசல் வெள்ளி. நம் பழைய நாலணாக் காசைவிடச் சற்றுச் சிறியவை, ஆனால் தடிமன் அதிகம். ஒரு பக்கம் ஓர் அரசியின் தலை, மறுபக்கம் ஒரு தேவதை. அரசர்கள் யாரும் கிடையாது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கரூரிலிருந்து தளேகாவ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஆகுர்டி ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கலைப் பிடித்துப் போய் வந்தே தலை நரைத்தவர். நான் இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். புத்தகத்தை அடுக்குகிற சாக்கில் படித்துவிடுகிற ஆள் நான். இந்தக் காசுப் பைத்தியம் அப்படிப் பிடித்ததுதான்.

புனேயில் அவ்வப்போது நாணயக் கண்காட்சி நடக்கும். ராஜா தலை போட்ட காசுகளைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். ராஜாக்களைத்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறோமே, நாம் பெண்களாகப் பார்த்து வாங்கலாம் என்றேன் அவரிடம்.

"ஊட்ல ஒருத்தி ஆளறது பத்தாதா?" என்றார். ஆனால் வாங்கினார். வருடக்கணக்கில் சேர்த்து நாலு வாங்கினோம்.

அதில் ஒருத்தி ஃபாஸ்டினா. அவள் இறந்த பிறகு அவள் புருஷன், அரசன், அவளைத் தெய்வம் என்று அறிவித்து வெள்ளியில் அச்சடித்தான். மறுபக்கம் கதிர்களைக் கையில் பிடித்த தானியத் தேவதை. "பார்த்தியா, எவ்வளவு பிரியம்" என்றார் என் வீட்டுக்காரர். "உசுரோட இருக்கறப்ப ஒரு நாள் அடுப்படிக்கு வந்திருப்பானா, கேளுங்க. செத்தப்பறம் சாமியாக்கறது சுலபம்" என்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காபி அவர் போட ஆரம்பித்தார். மகா மட்டமான காபி.

ஐந்தாவது காசை அவர் பார்க்கவில்லை. அவர் போன மறு வருடம் நான் தனியாகப் போய் வாங்கியது அது.

அவள் பெயர் ஜூலியா டோம்னா. அலை அலையாக வாரிய கூந்தலைப் பின்னால் கனமாகச் சேர்த்து முடிந்திருப்பாள். மறுபக்கம் டயானா என்கிற தேவதை, இரண்டு கையாலும் நீளமான தீப்பந்தம் ஒன்றைப் பிடித்தபடி நிற்பாள். கடைக்காரர் பூதக்கண்ணாடி கொடுத்தார். அவள் தலையைச் சுற்றியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். பக்திமிக்கவள், பாக்கியவதி, மகாராணி என்று இருந்தது.

அந்தப் பட்டம் அவள் புருஷன் இறந்த பிறகு அச்சடித்த காசுகளில்தான் வரும். நூலகத்தில் படித்தது நினைவிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து பாக்கியவதி என்று ஒரு ராஜ்ஜியமே சொல்லியிருக்கிறது, அதுவும் வெள்ளியில். அந்த ஒரு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. எதிரே வந்தவர்கள் "பாவம்" என்றுதான் சொன்னார்கள். கண்காட்சியில் நின்றபடியே அழுதுவிட்டேன். விலையைக் கேட்டு அழுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மற்ற நாலும் எங்கள் காசுகள். அந்த ஐந்தாவது மட்டும் என் காசு.

ஆன்டிக் ஃபினிஷ்

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"அத லக்ஷ்மின்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"லேடி இருந்தாங்க. பின்னாடி தேவி இருந்தாங்க. லக்ஷ்மி இல்லையா?" என்றாள். "தீபாவளிக்கு முன்னாடி தன்தேரஸ் டைம்ல நகைக் கடைல விப்பாங்கல்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன். கோணலா இருந்துச்சு. இப்ப ஆன்டிக் ஃபினிஷ்தானே ஃபேஷன்."

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மழைக்காலத்தில் என் அறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டதால், பெட்டியைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்தது நான்தான். வெற்றிலைத் தட்டுக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் நடுவே. அங்கே இருக்கிற வெள்ளி சாமிக்குத்தான் என்று யார் நினைக்க மாட்டார்கள்? அவளிடம் அந்தக் காசுகளைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

சுவேதா கட்கியில் பிறந்து வளர்ந்தவள். படைக்கலத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கொலு அவள் வீட்டு வழக்கம். கரூரில் நாங்கள் வைத்ததில்லை. தமிழ் பேசுவாள், ஹிந்தியும் மராத்தியும் ஊடே ஊடே வந்து விழும். தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வராது. இந்தத் தொடரை என் மகன் கார்த்தி வாரா வாரம் அவளுக்குப் படித்துக் காட்டுகிறான். இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன்பே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். எழுதலாம் என்றாள்.

"கறுப்பா வேற இருந்துச்சு அத்தை" என்று அவளே தொடர்ந்தாள். "புளி போட்டு ஊற வெச்சு, விபூதி போட்டுத் தேச்சேன். பளபளன்னு ஆயிருச்சு. ஒண்ணு ஒண்ணும் எவ்ளோ நேரம் தேச்சேன் தெரியுமா?"

 அந்தக் கருமை சாதாரண அழுக்கில்லை. ஆயிரத்து எண்ணூறு வருடம் மண்ணிலும் காற்றிலும் இருந்து வெள்ளி தானாகப் போர்த்திக்கொண்ட போர்வை அது. நான் பஞ்சால் தொடக்கூட யோசிப்பேன். அதைப் புளியில் ஊறவைத்திருக்கிறாள், குத்துவிளக்கை ஊறவைப்பதுபோல.

"எல்லாத்தையும் குடுத்திட்டியா?"

"ஆமா அத்தை." இப்போதுதான் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று உறைத்தது. "என்னாச்சு? அது என்ன காயின்?"

சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கார்த்தி ஷேவிங் சோப்போடு ஓடி வந்தான். சுவேதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"இப்பவே போய் எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிட்டு வந்துர்றேம்மா" என்றான் கார்த்தி.

"மஞ்சக் குங்குமத்தோட குடுத்தத திருப்பிக் கேப்பியா?" என்று அவன் மேல் பாய்ந்தேன். "வீட்டுக்கு வந்த சுமங்கலிக்கு வெத்தலபாக்குல வெச்சுக் குடுத்தது அவங்களோடது. அதப் போய்க் கேட்டா குடும்பத்துக்கு ஆகுமா? உங்க ரெண்டு பேருக்கும் ஆகுமா?"

சொல்லிவிட்டு எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. காசு போன துக்கம் எனக்கு, திரும்ப வாங்கித் தருகிறேன் என்கிறான் பிள்ளை, வேண்டாம் என்று கத்துவதும் நான்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் எங்கே இருந்தேன்

வாசகர்கள் கேட்கலாம். கண்ணெதிரே காசை எடுத்துக் கொடுத்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று.

என் கண்ணெதிரே கொடுக்கவில்லை. அவர் போனதிலிருந்து இப்படிப்பட்ட நாட்களில் நான் கூடத்துக்கு வருவதில்லை. யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. யாராவது சொல்லுமுன் நானே போய்விடுவது மானமாகத் தோன்றியது. அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டேன். வளையல் சத்தம், சுண்டல் தட்டில் ஸ்பூன் சத்தம், யாரோ மராத்தியில் ஒரு ஆரத்தி பாடிய சத்தம். வந்தவர்கள் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை காலை நடக்கக் கிளம்பினேன். என் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சின்னச் சுருக்குப் பை தொங்கியது. மஞ்சள் துணி, சிவப்பு ஜரிகை. வாய் இறுகக் கட்டியிருந்தது, வெற்றிலைக் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீந்துபோனதை இங்கே மாட்டியிருக்கிறாள், இடம் பார்த்தாள் பார் என்று எரிச்சல் வந்தது. குங்குமம் இருக்கிற பையைக் குப்பையில் போடவும் கூடாது. கொலுவில் வாடிய பூக்களைக் கவரில் அள்ளிக்கொண்டு கீழே போனபோது பையையும் அதோடு சேர்த்து எடுத்துப் போனேன். எங்கள் அடுக்ககச் சொசைட்டி கேட் பக்கத்தில் நிர்மால்ய டிரம் வைத்திருப்பார்கள். சாமிக்குச் சாத்திய பூ, மாலை எல்லாவற்றையும் அதில்தான் போட வேண்டும். போட்டுவிட்டு நடக்கப் போனேன்.

ஆற்று மணலில் ஒரு லட்சுமி

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடிய அறைக்குள் கரூர்தான் ஞாபகம் வந்தது.

அமராவதி ஆற்றில் தண்ணீர் வற்றினால் சிலர் மணலைச் சலிப்பார்கள். பொன் பொடியும் பழைய காசும் கிடைக்கும் என்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருத்தர் சல்லடையிலிருந்து ஒன்றை எடுத்து எனக்குக் காட்டினார். தேய்ந்த வெள்ளிக் காசு, அதில் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். "லட்சுமி பாப்பா, ஒக்காந்த லட்சுமி" என்றார். ஓரத்தில் ஒரு ஓட்டை. எந்தக் காலத்திலோ எவளோ கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்திருக்கிறாள்.

பல வருடம் கழித்து நூலகத்தில் ஒரு படத்தைப் பார்த்தபோதுதான் அந்த லட்சுமி ரோமாபுரிக்காரி என்று தெரிந்தது. மிளகு வாங்க வந்த கப்பலில் வந்தவள். அவளை நம் ஆட்கள் அப்போதே லட்சுமி ஆக்கிவிட்டார்கள். இந்தக் கதையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதே காரியம் என் வீட்டிலேயே நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

பொன் கொடுக்க வந்தவள்

தசரா அன்று சாயங்காலம் மணி அடித்தது. எதிர் வீட்டு சுனந்தா. இந்த ஊரில் தசராவுக்கு ஆப்டா மரத்து இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். இலையை என் கையில் வைத்து, பொன்னை வாங்குங்கள், பொன்போல இருங்கள் என்று வழக்கமான வாழ்த்தைச் சொன்னாள். நான் இலையைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தேன்.

கருகமணிக்குப் பக்கத்தில், மெல்லிய சங்கிலியில் ஃபாஸ்டினா தொங்கினாள்.

தலைக்கு மேல் வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தது. தேய்த்த தேய்ப்பில் புதுக் கரண்டிபோல மின்னினாள். 

நானும் சுனந்தாவும் பேசுவது மராத்தியும் ஹிந்தியும் கலந்த ஒரு கலவை. அதைத் தமிழில் தருகிறேன். "உங்க மருமக குடுத்த லக்ஷ்மி" என்று பெருமையாகக் காசைத் தூக்கிக் காட்டினாள். "மறுநாளே பத்தர்கிட்டக் குடுத்து வளையம் வெச்சுட்டேன். கழட்ட மனசே வரல."

பின்னால் சுவேதா வந்து நிற்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஃபாஸ்டினாவைத் தெய்வமாக்கிய அந்த அரசனே பார்த்திருந்தாலும் அந்தக் கழுத்திலிருந்து அவளைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் சுனந்தா. "நல்லா இருக்கு" என்றேன். நிஜமாகவே இருந்தது. பிறகு தாங்காமல், "மத்த நாலு பேரும் இப்படித்தான் போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"மத்த நாலா?" என்றாள். "ஆம்ஹீ சௌகீச் ஹோதோ." நாங்கள் வந்ததே மொத்தம் நாலு பேர்தான் என்றாள்.

நான் மெல்லத் திரும்பினேன்.

"சுவேதா, அஞ்சாவது எங்க?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உங்ககிட்டதானே இருக்கு அத்தை? ஒங்க கதவுல மாட்டினேனே. மஞ்சப் பை."

டிரம்

அதற்குப் பிறகு சுனந்தாவிடம் என்ன சொன்னேன், எப்படிப் படி இறங்கினேன், ஒன்றும் நினைவில்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பும் போடவில்லை. பின்னாலேயே சுவேதா "அத்தை, ருக்கோ, நில்லுங்க அத்தை" என்று ஓடி வந்தாள்.

டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

காவலாளி சாவகாசமாகச் சொன்னார். வண்டி வந்து எடுத்துப் போய்விட்டதாம். அன்று காலையில்தானாம். பூவையெல்லாம் அரைத்து உரமாக்கித் தோட்டங்களுக்குப் போடுவார்களாம். கார்த்தி அன்று மாலையே உரம் தயாரிக்கிற இடத்துக்குப் போய் வந்தான். மலைபோல் குவிந்திருக்கிறது, எல்லா சொசைட்டிப் பூவும் ஒன்றாகக் கிடக்கிறது என்றான். மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். அழுகின சாமந்திக் குவியலுக்கு முன்னால் நின்றேன். எங்கே கை வைப்பது?

ரோமாபுரியிலிருந்து கிளம்பி, எத்தனையோ ராஜ்ஜியங்கள் விழுந்ததையெல்லாம் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தவள். அவளை வாரிக்கொண்டுபோய்க் கொட்டியது யார்? புளி போட்டுத் தேய்த்தவள்கூட அவளைப் பத்திரமாகப் பையில் கட்டித்தான் மாட்டியிருந்தாள்.

டிரம் பக்கத்து சிமெண்ட் திட்டில் தசரா அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சுவேதா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி அழுகைக்கு இடம் விடவில்லை.

"ஏன் கண்ணு கதவுல மாட்டின? கையில குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க" என்றாள். "போன வருஷம் க்ளாஸ் பேங்கிள்ஸ் குடுத்தப்போ கத்துனீங்க. எனக்கு எதுக்கு இது, ஒனக்கு ஒண்ணும் தெரியாதான்னு கேட்டீங்க."

கேட்டிருந்தேன்.

"அதான் மாட்டிட்டேன். காலைல பாப்பீங்க, எடுத்துப்பீங்கன்னு. நீங்க சண்டே கோவிச்சுக்கிட்டது மத்த நாலுக்குன்னுதான் நெனச்சேன்."

"அஞ்சுல ஒண்ண ஏன் எனக்கு எடுத்து வெச்ச?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "தேய்க்கறப்போ பாத்தேன். அந்த லேடி உங்கள மாதிரியே கொண்ட போட்டிருந்தாங்க. அதுதான் பெஸ்ட் பீஸ். ஒங்களுக்கு இல்லாம யாருக்குக் குடுப்பேன்?"

ஜூலியா டோம்னா. என் காசு. அந்தக் காசில் லத்தீனில் என்ன எழுதியிருந்தது என்று சுவேதாவுக்குத் தெரியாது. தெரியாமலே பாக்கியவதி என்கிற அந்தப் பட்டத்தை மஞ்சளும் குங்குமமும் வைத்து, சுருக்குப் போட்டு, என் கதவில் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள். பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போட்டவள் நான்.

என்ன எழுதியிருந்தது என்று அங்கேயே அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதாள். காவலாளி எங்கள் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த வருடம்

மாநகராட்சிப் பூங்காவில் நடக்கும்போது பாத்திகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். மழை பெய்து மண் கரைந்த மறுநாள் குனிந்துகூடப் பார்ப்பேன். யாராவது தோட்டக்காரர் என்றைக்காவது அவளை எடுத்துத் துடைத்துப் பார்ப்பார். லட்சுமி என்றுதான் சொல்வார். சொல்லட்டும்.

இந்த வருடமும் கொலு வைத்தோம். வெள்ளிக்கிழமை சுனந்தாவும் மற்றவர்களும் வந்தார்கள். சுனந்தாவைப் பார்த்து மற்ற மூவரும் வளையம் வைத்துக்கொண்டதால், மகாராணிகள் நாலு பேரும் அவரவர் கழுத்தில் வந்தார்கள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்காருவதற்கு முன்னால் மூன்று தடவை அறைக்குப் போய் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சுண்டலில் உப்பு குறைவு என்று மட்டும் ஒருத்தி சொன்னாள்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியாக சுவேதா தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். தட்டில் மஞ்சள் பை.  தட்டை என் பக்கம் நீட்டினாள்.

எடுத்துக்கொண்டேன். எடுத்த கையோடு, அத்தனை பேர் பார்க்க, சுருக்கை அவிழ்த்து மடியில் கொட்டினேன். இரண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், ஒரு ரூபாய்க் காசு.

"என்ன அத்தை, செக் பண்றீங்களா?" என்றாள் சுவேதா.

"ஆமா கண்ணு" என்றேன். "இனி பாக்காம எதையும் போட மாட்டேன்."